ஸ்பான்சருக்குத் தமிழ்: புரவலரா, பிணையரா?

நண்பர்களே,

வேலை விசாவில் ஸ்பான்சர் என்றால், வெளிநாட்டு ஆளை வேலைக்கு எடுத்து அவருக்காக அரசிடம் பொறுப்பேற்கும் முதலாளி. அவரைத் தமிழில் ‘புரவலர்’ ஆக்குவதில் எனக்கு உடன்பாடில்லை. சொல் அழகானதுதான். ஆனால் பாரி முல்லைக்குத் தேர் கொடுத்தபோது அதனிடம் எட்டு மணி நேர வேலை கேட்கவில்லையே! இங்கே கம்பெனி தன் தேவைக்கு ஆள் எடுக்கிறது, வருகிறவர் உழைத்துச் சம்பளம் வாங்குகிறார். இதில் கொடை எங்கே வந்தது? ‘கம்பெனி விசா கொடுத்தது’ என்று நம் ஆட்களே நன்றியோடு சொல்வதுண்டு. விசா கொடுப்பது அரசு. புரவலர் என்று எழுதினால் அந்த இடம் மாறிய நன்றியை நாமே அகராதியில் ஏற்றிவிடுவோம்.

‘அனுசரணையாளர்’ இலங்கையில் நன்றாகப் புழங்கும் சொல். ஆனால் அதைக் கேட்டால் கிரிக்கெட் போட்டிக்குப் பணம் தருபவர்தான் நினைவுக்கு வருவார். ‘ஆதரவாளர்’ என்றால் கட்சிக்காரர். இரண்டையும் விட்டுவிடலாம்.

ஸ்பான்சர் உண்மையில் என்ன செய்கிறார் என்று பார்ப்போம். பிரிட்டனில் முதலாளி முதலில் உள்துறையிடம் ஸ்பான்சர் உரிமம் வாங்க வேண்டும். அதன் பிறகுதான் குறிப்பிட்ட ஆளுக்கு ஸ்பான்சர்ஷிப் சான்று ஒதுக்க முடியும். ஆள் வந்து சேர்ந்ததும் கடமை முடிந்துவிடாது. அவர் அனுமதியில்லாமல் தொடர்ந்து 10 வேலை நாட்களுக்கு மேல் வராவிட்டால் உள்துறைக்குத் தெரிவித்தாக வேண்டும். வேலை போனால் தங்கும் அனுமதியும் சுருங்கும், வழக்கமாக 60 நாள் தவணைதான். சிங்கப்பூரில் இது இன்னும் வெளிப்படை: ஒர்க் பெர்மிட்டில் வரும், மலேசியர் அல்லாத ஒவ்வொரு தொழிலாளிக்கும் முதலாளி 5,000 வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) அரசிடம் பிணை காட்ட வேண்டும். நிபந்தனை மீறினால் அந்தத் தொகை பறிபோகலாம்.

வளைகுடா போனவர்களுக்கு விளக்கவே வேண்டாம், அவர்களிடம் ‘கஃபீல்’ இருக்கிறது. அரபியில் அதற்குப் பிணை நிற்பவர் என்றே பொருள். ஸ்பான்சர் என்பதன் லத்தீன் வேரும் வாக்குக் கொடுத்துப் பொறுப்பேற்பதுதான். ஞானஸ்நானத்தில் குழந்தைக்காக நிற்கும் ஞானத்தகப்பனும் ஆங்கிலத்தில் ஸ்பான்சர்தான்.

அப்புறம் என்ன தயக்கம்? ‘பிணை’ நம்மிடமே இருக்கிறது. கடனுக்குப் பிணை நிற்பது ஊரில் எல்லாருக்கும் தெரியும். பிணைத்தல் என்றால் கட்டுதல் என்பதும் கூடவே கேட்கிறது. பொறுப்பு ஒரு பக்கம், கட்டு இன்னொரு பக்கம். இந்த விசாவின் குணமே அதுதான். ஆகவே என் முன்மொழிவு: ஸ்பான்சர்ஷிப் ‘பணிப்பிணை’, அதைத் தருபவர் ‘பணிப்பிணையர்’. பணிப்பிணை உரிமம், பணிப்பிணைச் சான்று என்று நீட்டவும் இடம் தருகிறது. வினையாக, ‘கம்பெனி பிணை நிற்கிறது’ என்றாலே போதும்.

பிணை என்றால் ஜாமீன் ஆயிற்றே என்பீர்கள். ‘பணி’யை முன்னால் போட்டதே அதற்காகத்தான். பிணைக்கைதி நினைவு வருகிறதே என்றால், அது எனக்கும் உறுத்துகிறது. ஆனால் எல்லா நாட்டிலும் கட்டு ஒரே இறுக்கமில்லை. கத்தாரில் வேறு வேலைக்கு மாற, பழைய முதலாளியிடம் தடையில்லாச் சான்று வாங்க வேண்டியிருந்தது. 2020இல்தான் அதை நீக்கினார்கள். அமெரிக்காவின் எச்-1பி வேலை விசாவில் இருப்பவரோ புதிய கம்பெனி தனக்காக மனுப் போட்டதுமே பொதுவாக அங்கே சேரலாம். அதனால் தொழிலாளியைப் ‘பிணைப்பணியாளர்’ என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், காதில் கொத்தடிமை என்று விழும். ‘பணிப்பிணை பெற்றவர்’ போதும்.

அமெரிக்கப் படிவங்களை மொழிபெயர்ப்பவர்கள் கொஞ்சம் பொறுக்கவும். ஐ-129 படிவத்தில் முதலாளி மனுதாரர், வேலைக்கு வருபவர் பயனாளி. ஸ்பான்சர் என்பது அங்கே பேச்சு வழக்கு. குடும்பத்தாரை அழைக்கும்போது, ‘வருகிறவரை நான் தாங்குவேன்’ என்று கையெழுத்திடுபவரைத்தான் சட்டமே ஸ்பான்சர் என்கிறது. கனடாவிலும் ஸ்பான்சர் முக்கியமாகக் குடும்பச் சொல். டொராண்டோவில் ஒருவர் ‘ஸ்பொன்சர் பண்ணி எடுத்தது’ என்றால் மனைவியையோ பெற்றோரையோதான். அங்கெல்லாம் ‘குடும்பப்பிணை’ பொருந்தும், பணிப்பிணை பொருந்தாது.

சரி, ஒரு சோதனையும் செய்து பார்த்தேன். ‘உங்கள் பணிப்பிணையர் மாறினால் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும்’ என்று பிரிட்டன் விதியை எழுதி என் மைத்துனரிடம் காட்டினேன். “பணிப்பிணையர்னா யாரு, வக்கீலா?” என்றார். ‘பணிப்பிணை தரும் முதலாளி’ என்று மாற்றிக் காட்டியதும் புரிந்துகொண்டார். இப்போது எனக்கே ‘-அர்’ விகுதியில்தான் சந்தேகம். பிணையரா, பிணையாளரா, இல்லை ‘பிணைமுதலாளி’ என்றே போட்டுவிடலாமா?