தோல் வேலை பழகுகிறேன்: ஓரம் பிசிராக நிற்கிறது, தையல் ஒரு பக்கம் கோணல். அடுத்து என்ன செய்யலாம்?

செங்காங்வாசி:
வணக்கம். மூன்று மாதமாக வீட்டில் தோல் வேலை பழகிக்கொண்டிருக்கிறேன். பிள்ளை தூங்கின பிறகு கிடைக்கிற ஒரு மணி நேரம்தான் எனக்கு. இணையத்தில் ஒரு கருவித் தொகுப்பும் கறுப்புத் தோல் ஒரு துண்டும் வாங்கினேன். எடுத்த எடுப்பில் ஆறு கார்டு வைக்கிற பர்ஸில் கை வைத்துவிட்டேன். முன்பக்கத் தையல் அழகாகச் சாய்ந்து நிற்கிறது, பின்பக்கம் கோணல்மாணல். ஓரத்தை எவ்வளவு தேய்த்தாலும் பஞ்சு மாதிரி பிசிர் நிற்கிறதே தவிர பளபளப்பு வரவில்லை. அப்புறம், தையல் துளை போடுகிற உளியைத் தட்டினால் கீழ்வீட்டுப் பாட்டிக்குத் தூக்கம் கெடுகிறது, வந்து சொல்லிவிட்டுப் போனார், அவர் சொன்னது நியாயம்தான். வகுப்புக்குப் போக நேரமில்லை. வீட்டிலேயே பழக எதைச் செய்யலாம்?

பட்டறைப்பையன்:
ஓரம் மெருகேறாததற்கு உங்கள் கை காரணம் இல்லை, தோல்தான் காரணமாக இருக்கும். வெட்டின இடத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நடுவில் நீலமோ சாம்பலோ தெரிந்தால் அது குரோம் என்கிற ரசாயன உப்பைப் போட்டுப் பதனிட்டது. கைப்பை, சோபாவுக்கெல்லாம் பெரும்பாலும் அதுதான், மெத்தென்று இருக்கும், ஆனால் ஓரம் தேய்த்து இறுகாது, ஓரத்துக்கான பெயின்ட்தான் பூச வேண்டும். தேய்த்து மெருகேற்ற ஆசை என்றால் கடையில் ‘வெஜ் டேன்’ என்று கேளுங்கள், மரப்பட்டைச் சாற்றில் பதனிட்டது. தமிழ்நாட்டில் அந்தக் காலத்தில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிட்டதும் இதே வகைதான். திண்டுக்கல், திருச்சி, ஈரோட்டுப் பக்கம் இதற்குப் பேர்போன இடங்கள். நான் சென்னை போனால் தோல் கடைகள் இருக்கிற பெரியமேட்டுக்குப் போகாமல் திரும்புவதில்லை. கார்டு உறைக்கு 1.2 மி.மீ. கனம் போதும். தைத்து முடித்ததும் 400 எண் உப்புத்தாளில் ஓரத்தைச் சமன் செய்து, அப்புறம் 800, பிறகு விரல் நுனியில் தண்ணீர் தொட்டு ஓரத்தில் மட்டும் தடவி, முரட்டுத் துணியால் வேகமாகத் தேயுங்கள். கொஞ்ச நேரத்தில் துணி வழுக்க ஆரம்பிக்கும், நிறம் கறுக்கும். அந்த நிமிடத்துக்காகவே நான் இன்னும் இதைச் செய்துகொண்டிருக்கிறேன்.

ஜூரோங் அக்கா:
தையலுக்கு நான் சொல்கிறேன். ஒரே நூல், இரண்டு முனையிலும் ஊசி, ஒவ்வொரு துளையிலும் இரண்டு ஊசியும் எதிரெதிராகப் போக வேண்டும், இது தெரிந்திருக்கும். பின்பக்கம் கோணுவதற்குப் பெரும்பாலும் இரண்டு காரணம். ஒன்று, உளி செங்குத்தாக இறங்காமல் பின்னால் வெளிவரும்போது வரிசை விலகியிருக்கும். இன்னொன்று, ஒரு துளையில் வலது ஊசி முதலில் போகும், அடுத்ததில் இடது ஊசி. எந்த ஊசி முதலில், இரண்டாவது ஊசி அந்த நூலுக்கு மேலா கீழா என்று முதல் துளையிலேயே முடிவு செய்து கடைசி வரை மாற்றாதீர்கள். இழுக்கும் பலமும் ஒரே அளவாக இருக்கட்டும். நூல், தைக்கிற நீளத்தைப் போல நான்கு மடங்கு எடுங்கள். நான் முதல் பை தைத்தபோது கடைசி ஐந்து துளைக்கு நூல் பற்றாமல் முழுவதையும் பிரித்தேன், இரவு பன்னிரண்டரை மணி, அழுகையே வந்துவிட்டது.

ஈசூன் அண்ணன்:
பர்ஸை எடுத்து வையுங்கள். பஸ், ரயிலில் தட்டுகிற ஈசி-லிங்க் கார்டுக்கு ஓர் உறை செய்யுங்கள், ஆனால் அதையே மூன்று தடவை செய்யுங்கள். கார்டு 85.6 மி.மீ.க்கு 54. தையலுக்கு இரு பக்கமும் 3 மி.மீ., கார்டு நுழைய இன்னும் கொஞ்சம் விட்டால் அகலம் 10 செ.மீ. கிட்ட வரும். கொஞ்சம் இறுக்கமாகவே இருக்கட்டும், புழங்கப் புழங்கத் தோல் இளகும். முதலாவதில் தையலை மட்டும் கவனியுங்கள், இரண்டாவதில் ஓரம், மூன்றாவதை யாருக்காவது கொடுங்கள். கொடுக்கிற பொருள் என்றால் கை தானாகவே நிதானிக்கும்.

சத்தத்துக்கு: உளியை லேசாக அழுத்தி அடையாளம் மட்டும் வையுங்கள், துளையைக் குத்தூசியால் குத்துங்கள், சத்தமே இருக்காது. தட்டித்தான் ஆக வேண்டும் என்றால் கனமான கருங்கல் பலகைக்கு அடியில் துவாலையை நான்காக மடித்துப் போட்டு, மேசைக் கால் இருக்கிற மூலையில் வைத்து, சாயங்காலமே தட்டி முடித்துவிடுங்கள். வெஜ் டேன் தோலைப் பிளாஸ்டிக் பையில் கட்டி அலமாரியில் போடாதீர்கள், சிங்கப்பூர் ஈரத்துக்குப் பூஞ்சை பிடித்துவிடும். பழைய தாளில் சுற்றி, காற்றோட்டமான இடத்தில் வையுங்கள்.

செங்காங்வாசி:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. வெட்டிப் பார்த்தேன், நடுவில் சாம்பல் நிறம், குரோம்தான். நேற்று வெஜ் டேன் துண்டு ஒன்று வாங்கி, குத்தூசியாலேயே துளை போட்டு முதல் உறையைத் தைத்தேன். பின்பக்கம் இரண்டு இடத்தில்தான் விலகல். மூன்றாவதைப் பாட்டிக்குக் கொடுக்கலாம் என்று இருக்கிறேன். அக்கா, தையலை முடிக்கும்போது முடிச்சுப் போட வேண்டுமா?

ஜூரோங் அக்கா:
வேண்டாம். கடைசித் துளையிலிருந்து இரண்டு மூன்று துளை பின்னோக்கித் தைத்து, நூலை ஒட்ட வெட்டுங்கள். பாலியஸ்டர் நூல் என்றால் லைட்டரால் நுனியைத் தொட்டாற்போல் சுட்டால் உருகி ஒட்டிக்கொள்ளும். தோலில் தீ படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.