பொது மின்னேற்றக் கட்டணம்: பலகையில் எந்தச் சொற்களை எழுதுவது?

அன்பர்களுக்கு வணக்கம்.

மின்வண்டிகளுக்குச் சார்ஜ் ஏற்றித் தரும் பொது நிலையங்களின் கட்டணப் பலகையைத் தமிழில் எழுதச் சொற்கள் வேண்டும் என்று காட்பாடியில் மின் ஆட்டோ ஓட்டும் தம்பி கேட்டிருந்தார். அதற்குக் குடியாத்தத்து நண்பரும் பேராசிரியர் அம்மையாரும் எழுதிய விடைகளைப் படித்தேன். ‘மின்னூட்டக் கட்டணம்’ என்ற ஒரே சொல் போதும் என்பது இருவரின் கருத்து. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அந்தப் பலகையில் காணும் தொகை பார்ப்பதற்கு ஒன்றாக இருந்தாலும், அதற்குள் வெவ்வேறு இடங்களில் வெவ்வேறு பேர் தீர்மானித்த தொகைகள் கூட்டப்பட்டிருக்கின்றன. எல்லாவற்றுக்கும் ஒரே பெயரைச் சூட்டிவிட்டால், எந்தத் தொகை ஏன் உயர்ந்தது, அதை யாரிடம் போய்க் கேட்பது என்பது வண்டிக்காரருக்கு விளங்காது. ஆகவே நமக்கு ஒரு சொல் அல்ல, ஒரு சிறு சொற்குடும்பமே தேவைப்படுகிறது.

பேச்சுவழக்கிலிருந்தே தொடங்குகிறேன். நிலையத்தில் வண்டியை நிறுத்திவிட்டு ‘சார்ஜ் எவ்வளவு?’ என்று ஒருவர் கேட்டால், பேட்டரியில் எத்தனை விழுக்காடு இருக்கிறது என்றும் கொள்ளலாம், எவ்வளவு பணம் தர வேண்டும் என்றும் கொள்ளலாம். கடன் வாங்கிய சொல் இரண்டு பொருளையும் சுமப்பதால் வரும் குழப்பம் இது. ஆனால் அதே சொல்லோடு நம் மக்கள் சேர்த்துப் பேசும் வினைகளைக் கவனியுங்கள்: ‘சார்ஜ் ஏத்தணும்’, ‘சார்ஜ் ஏறலை’, ‘பள்ளிகொண்டா தாண்டறதுக்குள்ள சார்ஜ் இறங்கிடுச்சு’. ஏறுவதும் இறங்குவதும்தான் அவர்கள் மனத்தில் இருக்கின்றன; ஊட்டுவது எங்கும் இல்லை. மேலும், பள்ளி இயற்பியலில் மின்னூட்டம் என்பது எலெக்ட்ரான், புரோட்டான் போன்ற துகள்களின் பண்பைக் குறிக்கும் சொல்லாக நிலைபெற்றிருக்கிறது. அதையே ஒரு செயலுக்கும் கட்டணத்துக்கும் இழுத்தால் மாணவர்களுக்கு வீண் தொல்லை. எனவே மின்னேற்றம், மின்னேற்றி (சார்ஜர்), மின்னேற்று நிலையம் என்பவற்றையே அடிப்படையாகக் கொள்வோம். இதில் நெடிய விவாதம் தேவைப்படாது என்று நம்புகிறேன்.

கட்டணத்துக்கு வருவோம். மின்சாரத்தைப் பகிர்ந்து விற்பதற்கு 2003ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டப்படி உரிமம் வேண்டும். மின்னேற்று நிலையம் நடத்துபவர் மின்சாரத்தை விற்கவில்லை, வண்டியின் பேட்டரியில் அதை ஏற்றித் தரும் சேவையைச் செய்கிறார், ஆகவே அவருக்கு அந்த உரிமம் தேவையில்லை என்று மத்திய மின்துறை அமைச்சகம் 2018 ஏப்ரல் 13 அன்று தெளிவுபடுத்தியது. தனியார் நிலையங்களுக்கு வழி திறந்தது இந்த விளக்கம்தான். நடப்பது சேவை என்பதால், வீட்டு மின்கட்டணத்துக்கு இல்லாத சரக்கு மற்றும் சேவை வரி இங்கே 18 விழுக்காடு சேர்கிறது. பேராசிரியர் அம்மையார் மாற்றாகச் சொன்ன ‘மின்விலை’ என்ற சொல் பலகைக்குப் பொருந்தாது என்று நான் கருதுவதற்கும் இதுவே காரணம். விலை என்றால் விற்பனை உண்டு. சட்டமோ இங்கே விற்பனை இல்லை என்கிறது.

நிலையத்துக்கு மின்சாரம் தருவது தமிழ்நாடு மின் பகிர்மானக் கழகம். அது யூனிட்டுக்கு எவ்வளவு வாங்கலாம் என்பதை முடிவுசெய்வது தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம். வேலூர் மின் பகிர்மான வட்ட அலுவலகத்தாலோ நம் தெருவின் பிரிவு அலுவலகத்தாலோ இதில் ஒரு பைசாவைக் கூட்டவோ குறைக்கவோ முடியாது. கணக்கெடுத்து வாங்குவது மட்டுமே அவர்கள் பணி. ஆணையம் வகுக்கும் இந்தப் பட்டியலுக்கு மின்வாரிய வழக்கில் ‘வீதப்பட்டி’ என்ற அருமையான சொல் முன்பே இருக்கிறது. வீட்டு இணைப்பைக் கடை இணைப்பாக மாற்றுவதற்கு ‘வீதப்பட்டி மாற்றம்’ என்று விண்ணப்பம் எழுதிக்கொடுத்தவர்கள் நம்மில் பலர் இருப்போம். புதிதாக எதையும் படைக்காமல் அதையே எடுத்துக்கொள்ளலாம். ஆணையம் வகுப்பது வீதப்பட்டி. நிலையம் வாங்குவது கட்டணம். இந்த வேறுபாட்டை எந்த இடத்திலும் நழுவவிடக் கூடாது.

வீதப்பட்டிக்குள் ஒரு நுட்பம் இருக்கிறது, அதற்கும் சொல் வேண்டும். 2024 செப்டம்பரில் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டு நெறிகள், பொது மின்னேற்று நிலையங்களுக்கு 2028 மார்ச் 31 வரை நிலைக்கட்டணம் (எவ்வளவு பயன்படுத்தினாலும் மாறாமல் கட்ட வேண்டிய தொகை) தனியாக இல்லாத வீதம் இருக்க வேண்டும், அது சராசரி வழங்கற்செலவைத் தாண்டக் கூடாது என்கின்றன. மின்சாரத்தை வாங்கி, கொண்டுவந்து, பகிர்ந்து கொடுப்பதற்கு ஆகும் மொத்தச் செலவை விற்ற யூனிட்டுகளால் வகுத்தால் கிடைப்பது சராசரி வழங்கற்செலவு. வழிகாட்டு நெறி மத்திய அரசினுடையது. நம் மாநிலத்தின் வீதத்தை ஆணையத்தின் ஆணையே முடிவுசெய்யும். இருந்தாலும் அதன் காரணம் நமக்கு முக்கியம். 60 கிலோவாட் விரைவு மின்னேற்றி ஒன்றை நிறுவுபவர் அவ்வளவு மின்பளுவையும் ஒப்பந்தம் செய்துகொள்ள வேண்டும். ஆனால் தொடக்கத்தில் நாளுக்கு நாலைந்து வண்டிகளே வரக்கூடும். மின்பளுவுக்கேற்ப நிலைக்கட்டணம் கட்ட வேண்டியிருந்தால், அந்தச் சுமை அந்த நாலைந்து வண்டிகளின் தலையிலேயே விழும். கட்டணம் ஏறும், வண்டிகள் இன்னும் குறையும். நெடுஞ்சாலையிலிருந்து விலகிய பேரணாம்பட்டு போன்ற ஊரில் ஒருவர் நிலையம் வைக்கத் துணிவாரா என்பதே இந்த ஒன்றைப் பொறுத்தது. ஆகவே நிலைக்கட்டணம் சேர்ந்ததை ‘இருகூற்று வீதம்’ என்றும், சேராததை ‘ஒருகூற்று வீதம்’ என்றும் அழைக்கலாம் என்பது என் பரிந்துரை. ‘பகுதி’ என்றால் ஊர்ப்பகுதி என்று தோன்றும் என்பதால் ‘கூறு’ என்றேன்.

இனி நிலையம் வண்டிக்காரரிடம் வாங்கும் தொகை. நகைக்கடை ரசீதை நினைத்துக்கொள்ளுங்கள்: தங்கத்தின் மதிப்பு ஒரு வரியில், செய்கூலி ஒரு வரியில், சேதாரம் ஒரு வரியில் இருக்கும். தங்கத்தின் மதிப்பைக் கடைக்காரர் முடிவுசெய்வதில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். செய்கூலியிலும் சேதாரத்திலும்தான் பேரம் நடக்கும். மின்னேற்று நிலையத்துக்கு அந்த மூன்று வரிகளும் அப்படியே பொருந்துகின்றன. வீதப்பட்டிப்படி கழகத்துக்குச் செலுத்துவதை ‘மின்செலவு’ எனலாம். இயந்திரம், இடம், பராமரிப்பு, ஊதியம், இலாபம் ஆகியவற்றுக்காக நிலையம் சேர்ப்பதை ‘மின்னேற்றுக்கூலி’ எனலாம். மாறுதிசை மின்சாரத்தை நேர்த்திசையாக மாற்றும்போது வெப்பமாகப் போய்விடும் பகுதியை ‘மாற்றிழப்பு’ எனலாம். இந்த மூன்றாவதைப் பற்றி யாரும் பேசுவதில்லை என்பது எனக்கு நெடுநாள் வருத்தம். அளவி (மீட்டர்) மின்னேற்றியின் உள்வாயிலில் இருந்தால் மாற்றிழப்பு வண்டிக்காரர் கணக்கில் சேரும். வெளிவாயிலில் இருந்தால் நிலையத்தார் கணக்கில் சேரும். பலகையில் யூனிட் என்று எழுதினால் மட்டும் போதாது. வண்டிக்குள் ஏறிய யூனிட்டா, இயந்திரத்துக்குள் போன யூனிட்டா என்பதையும் எழுத வேண்டும். ‘அலகு’ என்று மாற்ற வேண்டியதில்லை. வீடுதோறும் வழங்கும் யூனிட் அப்படியே இருக்கட்டும்.

‘கூலி’ என்ற சொல்லுக்கு எதிர்ப்பு வரும் என்று அறிவேன். ஏற்றுக்கூலி என்றால் வேலூர் நேதாஜி மார்க்கெட்டில் மூட்டை ஏற்றுபவரின் கூலி, இதைப் போய் அங்கே வைப்பதா என்று குடியாத்தத்து நண்பர் முன்பே கேட்டுவிட்டார். ‘மின்’ என்ற முன்னொட்டு அந்த மயக்கத்தைத் தீர்த்துவிடும் என்பது என் விடை. கூலி தாழ்வான சொல் என்ற எண்ணத்தையும் நான் ஏற்கவில்லை. செய்கூலி, அரவைக்கூலி, நண்பரின் ஊரில் தறிதோறும் வழங்கும் நெசவுக்கூலி ஆகியவை எல்லாம், பொருள் ஒருவருடையது, அதன்மீது செய்யும் வேலை இன்னொருவருடையது என்பதைத் துல்லியமாகச் சொல்லும் சொற்கள். 2018ஆம் ஆண்டு விளக்கத்தின் சாரமும் அதுதானே? ‘சேவைக் கட்டணம்’ என்ற மாற்றை வங்கியும் உணவகமும் தேய்த்துவிட்டன. அது எதற்காக என்று கேட்டால் யாராலும் சொல்ல முடிவதில்லை. கூலி என்றால் எந்த வேலைக்கு என்ற கேள்வி உடனே எழும். அந்தக் கேள்வி எழ வேண்டும் என்பதே என் விருப்பம். மத்திய வழிகாட்டு நெறிகள் இந்தக் கூலிக்கு மேல்வரம்பையும் சொல்கின்றன. மெதுவான மின்னேற்றத்துக்குக் குறைவாகவும் விரைவு மின்னேற்றத்துக்குக் கூடுதலாகவும் அது இருக்கிறது.

மிகக் கடினமான இடம் இனிமேல்தான் வருகிறது: நாளின் வேளைக்கேற்ப மாறும் வீதம். வீட்டுக் கட்டணத்தில் நமக்குப் பழக்கமானது படிக்கட்டு முறை. இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம், அதற்குமேல் போகப் போக வீதம் உயரும். எந்த மணிக்குப் பயன்படுத்தினோம் என்பது அங்கே கணக்கில் வராது. கடிகாரம் பார்த்துக் கட்டணம் கட்டிப் பழகியவர்கள் ஆம்பூர், இராணிப்பேட்டைத் தோல் தொழிற்சாலைக்காரர்கள் போன்ற உயரழுத்த நுகர்வோர்தாம். ஆகவே பெரும்பாலான வண்டிக்காரர்களுக்கு இந்தக் கருத்தே புதிது. சொல்தான் அதைக் கற்பிக்க வேண்டும். ‘நேரக் கட்டணம்’ என்பது ஆகாது. வண்டி நிறுத்துமிடத்தில் மணிக்கு இவ்வளவு என்று வாங்குவதுபோல், எத்தனை நிமிடம் சொருகி வைத்திருந்தோம் என்பதற்கான பணம் என்றே அதைப் புரிந்துகொள்வார்கள். ‘பொழுதுக் கட்டணம்’ அழகாக இருக்கிறது. ஆனால் நம் பக்கத்தில் ‘பொழுதோட வந்துடு’ என்றால் இருட்டுவதற்குள் வா என்று பொருள். நாளை ஆறாகப் பிரிக்கும் இலக்கணத்தின் சிறுபொழுதுகளும் உதவவில்லை: மத்திய வழிகாட்டு நெறிகள் சொல்லும் காலை 9 மணி முதல் மாலை 4 மணி வரையிலான சலுகை நேரம், காலையின் கடைசியில் தொடங்கி நண்பகலைக் கடந்து எற்பாட்டின் (பிற்பகலின்) நடுவில் முடிகிறது. ‘வேளை’ சரியாக அமைகிறது. மூன்று வேளை சாப்பாடு, மாலை வேளை, வேலைக்குப் போகிற வேளை என்று நாளைக் கூறுபோடவே நாம் அதைப் பயன்படுத்துகிறோம். ‘வேளைவாரி வீதம்’ என்று சொல்லலாம்.

அந்தச் சலுகை ஏன் பகலில் கிடைக்கிறது என்பதும் பெயரில் தெரிய வேண்டும். உயரழுத்த நுகர்வோருக்கு நெடுங்காலம் இரவு 10 மணி முதல் காலை 5 மணி வரைதான் சலுகை இருந்தது. எல்லோரும் உறங்கும்போது நிலக்கரி நிலையங்களின் மின்சாரத்தை எடுத்துக்கொள்ள ஆள் வேண்டியிருந்தது. இப்போது சூரியமின் உற்பத்தி பெருகியதால் நடுப்பகலில் மின்சாரம் மலிவு, மாலை விளக்கேற்றும் வேளையில் அருமை. வழிகாட்டு நெறிகளும் 9 மணி முதல் 4 மணி வரை சராசரி வழங்கற்செலவின் 0.7 மடங்கு, மற்ற நேரத்தில் 1.3 மடங்கு என்கின்றன. கணக்குக்காக அந்தச் செலவு 10 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், அந்தப் பகல் நேரத்தில் 7 ரூபாய், மற்ற நேரத்தில் 13 ரூபாய். ஏறத்தாழ இரு மடங்கு. இதற்கு ‘சூரிய நேரம்’ என்று எழுதினால் வானியலில் அதற்கு வேறு பொருள் இருக்கிறது. ‘ஞாயிற்று நேரம்’ என்றால் வாரக்கடைசிச் சலுகை என்று நினைப்பார்கள். ‘பகல்வேளை’ என்றால் 5 மணிக்கு வருபவர் ஏமாறுவார். ‘வெயில்வேளை’ என்பதே எனக்கு நிறைவாகப் படுகிறது. மழைக்காலத்தில் வெயிலே இல்லாத நாளிலும் அதே வீதம்தானே என்று கேட்கலாம். மணியையும் பக்கத்திலேயே எழுதிவிட்டால் அந்த ஐயம் தீரும். வெயிலுக்குப் பெயர்போன நம் ஊரில் இந்தச் சொல்லுக்கு விளக்கமும் தேவைப்படாது.

இங்கே ஓர் ஆபத்து இருக்கிறது. எல்லோரும் இதைக் கவனிக்க வேண்டுகிறேன். தேவை மிகுந்த நேரத்தை அலுவலக வழக்கில் ‘உச்சநேரம்’ என்கிறோம். வேளையோடு சேர்த்தால் அது ‘உச்சவேளை’ ஆகும். உச்சிவேளை என்றால் நடுப்பகல். ஓர் இகரம்தான் வேறுபாடு. கட்டணம் மிகக் குறைவான நேரத்துக்கும் மிகக் கூடுதலான நேரத்துக்கும் காதில் ஒன்றுபோல் விழும் பெயர்களைக் கொடுத்தால், தொலைபேசியில் கேட்டுவிட்டு வருபவர் தவறாகவே புரிந்துகொள்வார். எனவே ‘நெரிசல்வேளை’ என்று வைக்கலாம் என்கிறேன். மாலையில் வேலூர் கிரீன் சர்க்கிள் சந்திப்பில் வண்டிகள் நெரிவதை அறிந்தவருக்கு, மின்கம்பியிலும் மின்மாற்றியிலும் அதே நெரிசல் உண்டு என்று சொன்னால் புரியும். தன் வண்டியை அப்போது சொருகாமல் இருப்பதால் பிறருக்கும் பயன் என்பதும் புரியும். தொழிற்சாலைக்காரர்கள் பீக் ஹவர் என்றே தொடரட்டும். நாம் எழுதுவது தெருவில் போகிறவருக்கான பலகை.

அரசு நிலத்தில் அமையும் நிலையங்கள் யூனிட்டுக்கு 1 ரூபாயை அடிப்படையாகக் கொண்டு நிலத்தின் உரிமையாளருக்குப் பங்கு தருவதற்கும் நெறிகளில் இடமுண்டு. அதை ‘நிலப்பங்கு’ எனலாம், அதில் சிக்கல் எதுவும் தெரியவில்லை.

இராணிப்பேட்டையில் 2021 முதல் மின் ஸ்கூட்டர்கள் செய்யப்படுகின்றன; அதே மாவட்டத்தின் பனப்பாக்கத்தில் 2024 செப்டம்பரில் கார் தொழிற்சாலைக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. வண்டியைச் செய்யும் மண்ணில் அதற்கான ரசீதைத் தமிழில் படிக்க முடியாத நிலை நீடிக்கக் கூடாது என்பதில் எனக்கு அழுத்தமான பற்று உண்டு.

பலகையின் வாசகத்தை இப்படி முன்வைக்கிறேன்: ‘மின்னேற்றக் கட்டணம், வண்டியில் ஏறிய யூனிட் ஒன்றுக்கு. வெயில்வேளை, காலை 9 முதல் மாலை 4 வரை: மின்செலவு இவ்வளவு, மின்னேற்றுக்கூலி இவ்வளவு, வரி இவ்வளவு. நெரிசல்வேளை: இவ்வளவு.’ ஆணையம் ஒரு நாளை இரண்டு வேளைகளாகப் பிரிக்காமல் மூன்றாகப் பிரித்தால் ‘இரவுவேளை’ என்று இன்னொரு வரி சேரும்.

ஒன்று மட்டும் எனக்கு இன்னும் தீரவில்லை. பேட்டரி நிறைந்த பிறகும் வண்டியை எடுக்காமல் இடத்தை மறித்து நிற்பவரிடம் வாங்கும் தொகைக்கு ‘இடமறிப்புக் கட்டணம்’ என்று எழுதிப் பார்த்தேன். பொருள் சரியாக இருக்கிறது. ஆனால் மருத்துவமனைக்கு நோயாளியோடு வந்து, வரிசையில் மாட்டிக்கொண்டவரைப் பார்த்து ‘மறித்தார்’ என்று சொல்வது கடுமையாகப் படுகிறது. ‘மிகைநிறுத்தக் கட்டணம்’ என்பது மென்மையாக இருந்தாலும் பேருந்து நிறுத்தத்தை நினைவூட்டுகிறது. ஆட்டோ ஓட்டும் தம்பி தம் தோழர்களிடம் இரண்டையும் சொல்லிப் பார்த்து, அவர்கள் வாயில் எது எளிதாக வருகிறது, அல்லது அவர்களே வேறு சொல் வைத்திருக்கிறார்களா என்று எழுதினால், அதன்படி முடிவுசெய்யலாம்.

அன்புடன்,
சத்துவாச்சாரியிலிருந்து