ப்ளெதோரா எழுதினால்தான் ஏழு வருமாம்!

வைகைக்கரை:
பக்கத்துத் திரியில் ‘ஏழரை’ என்று ஒருவர் ஐயெல்ட்ஸ் என்கிற ஆங்கிலத் தேர்வு எழுதுகிறவர்களுக்கு ‘30 நாளில் 3000 சொல்’ என்று ஒரு பட்டியல் போட்டிருக்கிறார். மெனி எழுதுகிறவன் ஒன்பதுக்கு ஆறிலேயே கிடப்பான், ப்ளெதோரா எழுதுகிறவன்தான் ஏழைத் தொடுவான் என்று முதல் வரியிலேயே அருள்வாக்கு. என் தங்கை அதை அச்செடுத்து ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிவிட்டாள். நேற்று அவள் எழுதிய பயிற்சிக் கட்டுரையில் சைக்கிள் ஓட்டினால் ‘எ ப்ளெதோரா ஆஃப் பெனிஃபிட்ஸ்’ கிடைக்கிறதாம். ஐயா, ப்ளெதோரா என்றால் நிறைய இல்லை, அளவுக்கு மிஞ்சியது. நன்மை எப்போது அளவுக்கு மிஞ்சியது?

ஏழரை:
என் பெயரை இழுத்ததால் வருகிறேன். நான் 7.5 வாங்கியவன், பெயரே அதனால்தான். சொல்வளத்துக்குத் தனியாக மதிப்பெண் உண்டு, அதில் ஏழு வேண்டுமென்றால் அதிகம் புழங்காத சொற்களைக் காட்ட வேண்டும் என்று அவர்கள் வெளியிட்ட அளவுகோலிலேயே இருக்கிறது. மெனி அதிகம் புழங்காத சொல்லா? டீக்கடையில் கூடப் புழங்குகிறது. ப்ளெதோராவுக்கு அகராதியில் நிறைய என்ற பொருளும் இருக்கிறது, பிரித்துப் பாருங்கள். நீங்கள் எத்தனை வாங்கினீர்கள் என்று சொல்லிவிட்டு மேலே பேசலாம்.

வைகைக்கரை:
எங்கள் ஊரில் ஏழரை வாங்கியவர்களைத் திருநள்ளாறுக்கு அனுப்பி எள் விளக்கு போடச் சொல்வோம். ப்ளெதோரா என்றால் மிதமிஞ்சியது. அவ்வளவுதான்.

பேனாமூடி:
ஒரு நிமிடம். எழுத்துப் பகுதியில் நான்கு அளவுகோல்கள், ஒவ்வொன்றுக்கும் சம பங்கு. சொல்வளம் அதில் கால் பங்குதான். அப்புறம் 3000 என்றால் எதை எண்ணுகிறோம்? அனலைஸ், அனாலிசிஸ், அனலிட்டிகல் மூன்றும் ஒன்றா, மூன்றா? மொழியியலாளர் ஏவரில் காக்ஸ்ஹெட் 2000இல் வெளியிட்ட கல்விச் சொற்பட்டியலில் இருப்பதே 570 சொற்குடும்பங்கள்தான், கல்வி நூல்களில் வருகிற சொற்களில் ஏறக்குறைய பத்தில் ஒன்று அதற்குள் அடங்கிவிடும். அதை விட்டுவிட்டு ஒரு நாளைக்கு நூறு சொல் என்று விழுங்கினால், ஜெர்மன் உளவியலாளர் எபிங்ஹௌஸ் 1885இலேயே வரைந்து காட்டிய மறதிக் கோட்டில் சறுக்கி விழ வேண்டியதுதான்.

ஏழரை:
பேனாமூடி சார், கட்டுரை நன்று. ஆனால் கேள்வி ப்ளெதோரா சரியா தவறா என்பதுதான். சரி.

வார்டு_இரவு:
நான் நர்ஸ், இங்கிலாந்துக்குப் போவதற்காக எழுதியவள். எங்கள் வார்டில் ப்ளெதோரா என்றால் ரத்தம் மிகுந்துபோய்ப் பச்சைக் குழந்தை செக்கச்செவேல் என்று கிடப்பது. அதைப் பார்த்தால் டாக்டரைக் கூப்பிடுவோம், ‘ஆஹா எவ்வளவு நன்மை’ என்று கைதட்ட மாட்டோம். தம்பி ஏழரை கோபப்படக் கூடாது.

ஏழரை:
அக்கா, மருத்துவப் பொருள் வேறு, கட்டுரைப் பொருள் வேறு. பிரஷர் என்றால் உங்களுக்கு ரத்த அழுத்தம், எனக்கு மேனேஜர். ஒரு சொல்லுக்கு இரண்டு பொருள் இருக்கக் கூடாதா? இன்னொன்றும் சொல்கிறேன், இந்தப் பட்டியலைக் கிண்டல் செய்கிறவர்கள் ரீடிங் பகுதியை மறந்துவிட்டார்கள். 60 நிமிடம், 40 கேள்வி. பத்தியில் ஒரு சொல் இருக்கும், கேள்வியில் அதே பொருளில் வேறு சொல் இருக்கும், இரண்டும் ஒன்று என்று தெரியாதவன் பத்தியை மேலும் கீழும் உழுதுகொண்டே இருப்பான். நான் ரீடிங்கில் 8 வாங்கியது யாரால்? என் பட்டியலால். இதற்கு வைகைக்கரை பதில் சொல்லட்டும். போன மாதம் டோஃபல் திரியிலும் இப்படித்தான் வந்தார், பதில் சொல்லாமல் ஓடினார்.

வைகைக்கரை:
ஓடவில்லை, வீட்டில் கரண்ட் போனது. அதை அன்றே எழுதினேன். படிக்கும்போது சொல்லை அடையாளம் தெரிந்துகொள்வது ஒன்று, எழுதும்போது அதை இடம் பார்த்து வைப்பது இன்னொன்று. ப்ளெதோரா தெரிந்திருக்கட்டும், யார் வேண்டாம் என்றது? நன்மைக்கு முன்னால் வைக்காதே என்கிறேன்.

ஆறாம்_வகுப்பு:
எல்லோரும் ஒரே விஷயத்தைச் சுற்றி வருகிறீர்கள். இது நாம் பள்ளியில் படித்த மரபுச்சொல்தான். கூடை முடைவார்கள், ஆடை நெய்வார்கள், சுவர் எழுப்புவார்கள். கூடை நெய்தான் என்று எழுதினால் பொருள் புரியும், மதிப்பெண் போகும். ஆங்கிலத்திலும் எந்தச் சொல் எதோடு சேரும் என்று ஒரு மரபு இருக்கிறது. ஹெவி ரெயின் என்பார்கள், ஸ்ட்ராங் ரெயின் என்றால் இடிக்கும். சொல்லைத் தனியாக மனப்பாடம் செய்யாமல் ஜோடியாகப் படிக்க வேண்டும். பால் பருகினான் என்பதுதான் மரபு, பால் குடித்தான் என்பது பிழை. அதுபோல.

வார்டு_இரவு:
பால் குடித்தான் பிழையா? எங்கள் வார்டில் எல்லாக் குழந்தைகளும் பால் குடிக்கின்றன. பருகினால்தான் டிஸ்சார்ஜ் என்று இனி சொல்லிப் பார்க்கிறேன்.

ஆறாம்_வகுப்பு:
நான் பாடப்புத்தகத்தில் இருப்பதைச் சொன்னேன். நக்கல் தேவையில்லை.

ஏழரை:
பார்த்தீர்களா! பால் குடித்தான் என்று நாடே சொல்கிறது, புத்தகம் மட்டும் பருகு என்கிறது. புழக்கம்தான் ஜெயிக்கும். அதேபோல ப்ளெதோராவை நிறைய என்று உலகமே எழுதுகிறது. வழக்கு முடிந்தது.

வைகைக்கரை:
சற்று முன் புழங்காத சொல்தான் வேண்டும் என்றீர்கள், இப்போது புழக்கம்தான் ஜெயிக்கும் என்கிறீர்கள். ஒரு பக்கம் நில்லுங்கள். கேட்க மறந்துவிட்டேன், எழுத்துப் பகுதியில் உங்களுக்கு எவ்வளவு? 7.5 என்பது நான்கு பகுதிகளின் சராசரியான மொத்தம்தானே?

ஏழரை:
மொத்தம் 7.5 என்றால் 7.5தான்.

வைகைக்கரை:
எழுத்தில் எவ்வளவு?

ஏழரை:
லிசனிங் 8.5, ரீடிங் 8, ஸ்பீக்கிங் 7. எழுத்தில் 6.5. அன்று அறையில் ஏசி அதிகம், கை விறைத்துவிட்டது. இரண்டாம் கட்டுரைக்கு 40 நிமிடம், 250 சொல்லாவது வேண்டும், எனக்குக் கடைசிப் பத்தி எழுத நேரமில்லாமல் போனது. ப்ளெதோராவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இரண்டு இடத்தில் எழுதியிருந்தேன், இரண்டும் அழகாகவே வந்திருந்தன.

வார்டு_இரவு:
எழுத்தில் எனக்கும் அதே 6.5தான் தம்பி. நர்ஸ்களைப் பதிவு செய்கிற இங்கிலாந்து கவுன்சிலுக்கு எழுத்தில் அது போதும், மற்ற மூன்றில் 7 வேண்டும். நான் மெனி என்றுதான் எழுதினேன்.

பேனாமூடி:
அப்படியென்றால் இருவர் கட்டுரையிலும் மற்ற மூன்று அளவுகோல்களில் என்ன நடந்தது என்று பார்ப்பதுதான்

ஏழரை:
பேனாமூடி சார், மன்னிக்கவும், குறுக்கே வருகிறேன். இங்கே ஒரு சதி நடக்கிறது. வைகைக்கரை ஏதோ கோச்சிங் சென்டர் ஆள் என்று எனக்குச் சந்தேகம். இலவசப் பட்டியல் வந்தால் யாருக்கு வயிறு எரியும்? நானும் ஒரு சென்டரில் பணம் கட்டி ஏமாந்தவன், மூன்று மாதமும் ஒரே வினாத்தாளை அட்டை மாற்றிக் கொடுத்தார்கள். தமிழ் மீடியத்தில் படித்துத் தனியாக உட்கார்ந்து இந்த 3000 சொல்லைச் சேர்த்தேன். அந்த உழைப்பு உங்களுக்கு ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டுகிற காகிதம்.

வைகைக்கரை:
நானும் தமிழ் மீடியம்தான், அதை வைத்து அனுதாபம் தேட வேண்டாம். சென்டரும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. ப்ளெதோரா என்றால் மிதமிஞ்சியது.

ஏழரை:
நிறைய.

புது_உறுப்பினர்22:
வணக்கம். அடுத்த வாரம் பரீட்சை. ப்ளெதோராவுக்குப் பதிலாக ‘எ மிரியட் ஆஃப்’ என்று எழுதலாமா?

ஏழரை:
கூடவே கூடாது தம்பி. மிரியட் என்பதற்குப் பின்னால் ஆஃப் போடுவது பெரிய பிழை.

வைகைக்கரை:
ஆஃப் போடலாம். அகராதியில் இருக்கிறது, பிரித்துப் பாருங்கள்.

ஏழரை:
அகராதியில் ஆயிரம் இருக்கும்.