லேப்டாப் திரையை வீட்டிலேயே சரிசெய்தவர்கள் அனுபவம் சொல்லுங்கள்

தஞ்சாவூர்க்காரன்:
அக்கா மகளுடைய லேப்டாப். ஆன் செய்தால் ஃபேன் சுற்றும், திரை மட்டும் கறுப்பு. கடையில், "மதர்போர்டு போயிடுச்சு சார், புதுசு வாங்கிடுங்க" என்றார்கள். மனசு ஒப்பவில்லை. ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு போன் டார்ச்சைத் திரைமேல் சாய்வாக அடித்தேன். அந்தக் கறுப்புக்குள்ளே அவள் வைத்திருந்த வால்பேப்பர், ஐகான்கள் எல்லாம் மங்கலாகத் தெரிந்தன! படம் வருகிறது, திரைக்குப் பின்னாலிருந்து வெளிச்சம் தரும் பேக்லைட்தான் இல்லை. ஃபிரேமைக் கழற்றினால் கீல் பக்கம் டிஸ்ப்ளே கேபிள் நசுங்கிக் கிடந்தது. கேபிளை மாற்றியதும் வெளிச்சம் வந்துவிட்டது. கடைக்காரர் சொன்னதுதான் இன்னும் ஜீரணமாகவில்லை.

சேலத்து வாசகி:
டார்ச்சில் படம் தெரிந்தால் போர்டில் கோளாறே இல்லை என்று சொல்லிவிட முடியாதுங்க. பேக்லைட்டுக்குக் கரண்ட் போகிற வழியில் போர்டிலேயே குட்டி ஃபியூஸ் ஒன்று இருக்கும். என் தம்பி லேப்டாப்பில் போனது அதுதான். அங்கேயும் படம் இதே மாதிரி மங்கலாகத் தெரிந்தது, புது பேனல், அதாவது திரையையே புதுசாக மாட்டியும் வெளிச்சம் வரவில்லை. மீட்டர் வைத்துப் பார்த்த பிறகுதான் விஷயம் புரிந்தது. அதனால் கடைக்காரரை ஒரேயடியாகக் குறை சொல்ல மாட்டேன்.

கோவை தாத்தா:
பேரன் லேப்டாப்பில் திரை முழுக்கக் கோடு. எச்டிஎம்ஐ கேபிள் போட்டு டிவியில் பார்த்தால் படம் சுத்தமாக வந்தது. அப்படியானால் கோளாறு பேனலில்தான் என்று அதை மாற்றினோம், சரியாகிவிட்டது.

அந்த ஃபியூஸ் ஏன் போகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பேட்டரி இணைப்பைக் கழற்றாமலே டிஸ்ப்ளே கேபிளைப் பிடுங்குவார்கள், அங்கேதான் ஷார்ட் ஆகும். ஸ்விட்சை ஆஃப் செய்தால் மட்டும் போதாது. முதலில் பின்மூடியைத் திறந்து பேட்டரியைப் பிரித்துவிடுங்கள். அப்புறம், லேப்டாப் மாடலை வைத்து பேனல் வாங்காதீர்கள். ஒரே மாடலில் வேறு வேறு பேனல் போட்டிருப்பார்கள். பழைய பேனலைக் கழற்றி, முதுகிலுள்ள ஸ்டிக்கரில் இருக்கும் எண்ணைப் பார்த்து வாங்குங்கள். கேபிள் செருகும் இடத்தில் 30 பின்னா, 40 பின்னா என்பதும் முக்கியம். சாதாரண 60 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 60 தடவை படம் புதுப்பிக்கும்) ஃபுல் எச்டிக்குப் பெரும்பாலும் 30. டச் அல்லது 144 ஹெர்ட்ஸ் என்றால் 40 ஆக இருக்கலாம். புதுசை மாட்டியதும் ஃபிரேமை மூடிவிடாமல், ஒரு தடவை ஆன் செய்து பாருங்கள்.

தஞ்சாவூர்க்காரன்:
ஃபியூஸ் விஷயம் சரி அம்மா, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்தக் கடையில் ஒரு ஸ்க்ரூகூடக் கழற்றவில்லை. திறந்து பார்த்துவிட்டு போர்டு என்று சொல்லியிருந்தால் நான் வாயே திறந்திருக்க மாட்டேன்.