உப மின்நிலைய மதிலுக்கு ஊரில் கருத்துக் கேட்டபோது: உங்கள் அனுபவம்?

படுவான்கரையான்:
மூன்று வருடமாகியும் மனதை விட்டுப் போகவில்லை, அதனால்தான் எழுதுகிறேன். மின்நிலையம் வருவது ஏற்கனவே முடிவான விசயம். சுற்றுமதில் எப்படி இருக்க வேண்டும் என்று கேட்கத்தான் கூட்டம். மூன்று படம் ஒட்டியிருந்தார்கள். ஒன்று முழுக்க புளொக்கல் மதில், ஒன்று பாதி மதிலும் மேலே வலைக்கம்பியும், மற்றது தூணுக்குத் தூண் கொங்கிரீட் பலகை செருகுவது. வந்திருந்த பொறியியலாளர் தம்பி நல்ல மாதிரி. ஆனால் முதலில் நிறத்தைக் கேட்டுவிட்டார். வெளிர் பச்சையா, சந்தன நிறமா என்பதிலேயே அரை மணித்தியாலம் போய்விட்டது.

அப்போது எங்கள் ஒழுங்கை ஆச்சி எழும்பினார். "தம்பி, இந்த மதிலக் கட்டினா வெள்ளம் எந்தப் பக்கத்தால போகும்?" எவ்வளவு உயரத்துக்கு வரும் என்று தம்பி திருப்பிக் கேட்டார். ஆச்சி இடுப்பில் கையை வைத்துக் காட்டினார். ஆள் நாலரை அடிதான் இருப்பார். "ஆருட இடுப்பு ஆச்சி?" என்று பின்னால் இருந்து ஒருவன் கேட்க, மண்டபமே சிரித்தது. ஆச்சி கையை எடுக்கவில்லை. சிரிப்பு அடங்கும்வரை அப்படியே நின்றுவிட்டு உட்கார்ந்தார்.

அப்படிக் கேட்டவன் நான்தான்.

கல்முனைக்காரி:
எங்கள் பக்கத்தில் அப்போது மதில் இல்லை, வலைக்கம்பி வேலி மட்டும்தான். ராத்தாவின் மகனுக்குப் பதினொரு வயது. பந்து உள்ளே போய்விட்டது என்று வேலியில் ஏறிக் குதித்துவிட்டான். நான் ரோட்டில் நின்று பார்க்கிறேன், சத்தமே வரவில்லை. காவலாளி சத்தம் போடவும் இல்லை, ஓடி வரவும் இல்லை. தூரத்தில் நின்றபடி உள்ளங்கையைக் கீழ்ப்பக்கம் காட்டி மெல்ல மெல்ல அமர்த்தினார். பிள்ளை சல்லிக்கல்லின் மேல் அசையாமல் நின்றான். அப்புறம் கைகாட்டிய வழியால் ஒவ்வொரு அடியாக நடந்து வந்தான். பந்து இன்றைக்கும் உள்ளேதான் கிடக்கும்.

அந்த வேலியை மதிலாக மாற்றப் போகிறோம் என்று கருத்துக் கேட்டபோது, உள்ளே தெரியக்கூடியதாக வையுங்கள் என்று சொன்னேன். பாதுகாப்புக்காக உள்ளே தெரியக்கூடாது என்றார்கள். அன்றைக்கு மதில் இருந்திருந்தால் அவன் ஏறியிருக்க மாட்டான் என்று ராத்தாவே சொல்கிறா. எனக்குப் பதில் தெரியவில்லை.

பழைய லைன்மேன்:
படுவான்கரைத் தம்பி, இடுப்பு ஒரு அளவு இல்லை. 2011 தை மாத வெள்ளத்தின் கறை எத்தனையோ பழைய சுவர்களில் இருந்தது. அதை நாடா வைத்து அளந்து கொண்டு போயிருந்தால் யாரும் சிரித்திருக்க மாட்டார்கள்.

தங்கச்சி கேட்டதற்கு: உள்ளே தெரியக்கூடாது என்பதற்குக் காரணம் இருக்கிறது. 2013 ஏப்ரல் 16 இல் கலிபோர்னியாவில் ஒரு மின்நிலையத்தை இரவில் வெளியே நின்று துப்பாக்கியால் சுட்டார்கள். 17 ட்ரான்ஸ்போமர் சேதம். வலைக்கம்பி வேலி குண்டைத் தடுக்குமா? அதற்குப் பிறகுதான் அந்தப் பக்கத்தில் மதில் பேச்சு பலத்தது. நமக்கு வந்த கரைச்சல் வேறு. 2025 பெப்ரவரி 9 இல் பாணந்துறை உப மின்நிலையத்தில் குரங்கு பாய்ந்து நாடு முழுக்க இருட்டானது. குரங்குக்கு எந்த மதிலும் ஏணிதான்.

உள்ளே சல்லி கொட்டுவது அழகுக்கு அல்ல. மின் கசிவு ஏற்பட்டால் நிலத்திலேயே மின்னழுத்தம் ஏறும், காலுக்கும் மண்ணுக்கும் இடையில் சல்லி தடையாக நிற்கும். அதை அள்ளிக்கொண்டு போய் முற்றத்தில் போடாதீர்கள். மதில் ஓரத்தில் மரம் நடாதீர்கள். கம்பி வேலி என்றால் அதற்கு எர்த் கொடுத்திருக்கிறதா என்று கேளுங்கள். ஆடு மாடு கட்ட வேண்டாம். ட்ரான்ஸ்போமரின் முனகல் மதில் போட்டால் கொஞ்சம் குறையும், முற்றாக நிற்காது. செக்கனுக்கு 50 சுற்று மின்சாரம் 100 சுற்றில் முனகும், அது அதன் சுபாவம்.

என் அனுபவம் சின்னது. ஒரு வீட்டுக்கார அம்மா உடுப்புக் காயப்போடும் கம்பியின் ஒரு முனையை மின்நிலைய வேலியிலும் மறுமுனையை தென்னையிலும் கட்டியிருந்தார். அதில் ஈரச் சாரன். உள்ளே ஒரு கோளாறு வந்தால் வேலியில் ஏறுவது அந்தக் கம்பி வழியாக வீட்டு வாசலுக்கே போகும். நான் அவிழ்த்தேன். அவர் ஏசிய ஏச்சு இப்பவும் காதில்.

வாவியோரம்:
ஐயா, அனுபவம் கேட்டால் வகுப்பு எடுத்துவிட்டீர்கள். ஆச்சி நாடாவோடு வரவேண்டும் என்பது நியாயமா? அளக்கத்தானே அவர்கள் சம்பளம் எடுக்கிறார்கள்?

எங்கள் கூட்டத்துக்கு அப்பாவும் வந்தார். படத்தில் பத்து அடி மதில், மேலே சுருள் கம்பி, மூலையில் காவல் கூண்டு. அப்பா அதைக் கனநேரம் பார்த்தார். பிறகு கேட்டார்: "இதக் கடக்கக்குள்ள சைக்கிளால இறங்க வேணுமா?"

வந்திருந்த பொடியனுக்கு இருபத்தைந்து வயது இருக்கும். பகிடி என்று நினைத்துச் சிரித்தான். அவனைக் குறை சொல்லவும் முடியாது, இராணுவ முகாம் வாசலில் சைக்கிளை உருட்டிக்கொண்டு நடந்த காலம் அவனுக்கு எப்படித் தெரியும்? அப்பா பதிலுக்காகக் காத்துக்கொண்டு நின்றார். நான் கையைப் பிடித்து இருத்தினேன். கருத்துப் படிவத்தில் காவல் கூண்டு வேண்டாம், சுருள் கம்பி ரோட்டுப் பக்கம் தெரியாமல் இருக்கட்டும், கடதாசிப்பூ நடுங்கள் என்று எழுதிக் கொடுத்தேன்.

பழைய லைன்மேன்:
கடதாசிப்பூ வேண்டாம் மகள். கொடி ஏறினால் பாம்பு ஏறும். அப்பாவின் கேள்விக்கு, இறங்கத் தேவையில்லை என்று சொல்லுங்கள்.

ஏறாவூர் காக்கா:
சும்மா அடிபடாமல் கூட்டக் குறிப்பை எழுதிக் கேட்டு வாங்குங்கள். 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்க தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. தருவதா இல்லையா என்று 14 வேலை நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். நான் கேட்டேன், வந்தது. ஒன்றரைப் பக்கம். நான் பேசியது அதில் இல்லை, தேநீர் கொடுத்தது இருக்கிறது.

படுவான்கரையான்:
எங்களுடையதை நானும் வாங்கிப் பார்த்தேன். நிறம் வெளிர் பச்சை என்று இருந்தது, வெள்ளம் என்ற சொல்லே இல்லை. ஆனால் மதில் எழும்பியபோது அடியில் எட்டு இடத்தில் துளை விட்டு இரும்புக் கம்பி போட்டிருந்தார்கள். அந்தத் தம்பிதான் கவனித்தாரோ என்னவோ. கேட்க ஆளும் இல்லை, மாற்றலாகிப் போய்விட்டார்.

போன மார்கழியில் துளைகளை ஆற்றுவாழையும் வைக்கோலும் அடைத்துவிட்டன. தண்ணீர் திரும்பி ஆச்சியின் வளவுக்குள் இரண்டு நாள் நின்றது. கோழிக்கூட்டைத் தூக்கி வைக்க நான் போனேன். எனக்குத் தொடைக்குத்தான் வந்தது. ஆச்சி பக்கத்தில் நின்றார், அவருக்கு எதுவரை என்று பார்த்தேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. கூட்டின் மறுபக்கத்தைப் பிடிக்கச் சொன்னார்.

பழைய லைன்மேன்:
வைக்கோலை எடுக்க நீங்களாக இறங்க வேண்டாம். காவலாளியிடம் சொல்லி உள்ளே இருப்பவர்களை வைத்து எடுப்பியுங்கள். எடுப்பது என்றால் மழைக்கு முன், நிலம் காய்ந்திருக்கும்போது. இரும்புக் கம்பியால் குத்த வேண்டாம்.