மருந்து கையில், அளவு பூட்டிய அலமாரியில்: கண்ணால் பார்த்ததை எழுதுங்கள்

மருந்து இருந்தும் அளவு கைக்கு எட்டாமல் போனதை நேரில் பார்த்தவர்கள், அவரவர் வேலையின் பேரில் எழுதியவை இவை.

பிரசவ அறை:
கர்ப்பிணிக்கு வலிப்பு. வலிப்பை அடக்கும் மெக்னீசியம் சல்ஃபேட், அதாவது மேக்சல்ஃப், இருந்தது, சிரிஞ்ச் இருந்தது, கை தேர்ந்த நர்ஸும் இருந்தார். சுவரில் அட்டை: "4 கிராம், 20% கரைசல், ஐ.வி., மெதுவாக. உடனே 10 கிராம் ஐ.எம்." ஐ.வி. என்றால் ரத்தக்குழாயில், ஐ.எம். என்றால் தசையில். டிரேயில் கிடந்தவையோ 2 மி.லி. ஆம்பூல்கள் (மருந்து அடைத்த சிறு கண்ணாடிக் குப்பிகள்), 50%. ஒரு கையில் ஆம்பூல், கண் அட்டையில், உதடு முணுமுணுத்துக் கணக்குப் போடுகிறது. அந்தக் காட்சிதான் மனதை விட்டுப் போக மாட்டேன் என்கிறது.

50% என்றால் 1 மி.லி.க்கு அரை கிராம். 4 கிராமுக்கு 8 மி.லி., அதாவது நாலு ஆம்பூல். அதோடு ஊசி நீர் 12 மி.லி. சேர்த்தால் 20 மி.லி., 20%. குறைந்தது 5 நிமிடம் எடுத்து ஏற்ற வேண்டும். பிறகு இன்னும் பத்து ஆம்பூல். 10 மி.லி. வீதம் இரண்டு சிரிஞ்ச், ஒவ்வொன்றிலும் 2% லிக்னோகெயின் (மரத்துப்போகச் செய்யும் மருந்து) 1 மி.லி., பக்கத்துக்கு ஒன்றாகப் பிட்டத்தில் ஆழமாக. மொத்தம் 14 ஆம்பூல் உடைக்க வேண்டும். "8 + 12" என்கிற ஒரு வரி அட்டையில் இல்லை. தடிப் புத்தகத்தில் இருந்தது. புத்தகம் அதிகாரி அறையில், பூட்டிய அலமாரியில்.

மறுபடி வலிப்பு வராமல் தடுப்பதில் இன்னொரு வலிப்பு மருந்தான டயஸிபாமைவிட மெக்னீசியம் எவ்வளவோ மேல் என்று 1995லேயே பல நாட்டு ஆய்வு காட்டிவிட்டது. அந்த முடிவு சுவர் வரை வந்துவிட்டது. கலக்குகிற கணக்கு வரவில்லை.

மருந்தறை:
சிஸ்டர், மேக்சல்ஃபில் நேரம்தான் போனது. ஜென்டாமைசின் என்கிற கிருமிக்கொல்லி ஊசியில் அளவு மிஞ்சினால் பிள்ளையின் காதே போகும்.

பிறந்து மூன்று நாள், 3 கிலோ. முதல் வாரத்தில், பிறப்பு எடை குறைவாக இல்லாத குழந்தைக்கு கிலோவுக்கு 5 மி.கி., நாளுக்கு ஒரு தடவை. ஆக 15 மி.கி. வார்டுக் குறிப்பேட்டில் யாரோ வசதிக்காக "3 கிலோ = 1.5 மி.லி." என்று எழுதி வைத்திருந்தார்கள். 1 மி.லி.யில் 10 மி.கி. இருக்கிற ஆம்பூல் வந்தவரை அது சரி. அந்த மாதம் சப்ளை மாறி, 2 மி.லி.யில் 80 மி.கி. ஆம்பூல் வந்தது. அதே 1.5 மி.லி. இப்போது 60 மி.கி., நாலு மடங்கு. ஊசி குழந்தையின் தொடை வரை போய்விட்டது. அப்போதுதான் பக்கத்தில் நின்றவர் லேபிளைச் சத்தமாகப் படித்தார்.

80 மி.கி. ஆம்பூல்தான் கையில் என்றால் அந்த 2 மி.லி.யோடு 6 மி.லி. ஊசி நீர் சேர்த்து 8 மி.லி. ஆக்குங்கள். 1 மி.லி.க்கு 10 மி.கி. ஆகிவிடும், பழைய கணக்கே செல்லும். கலக்காமல் கொடுத்தால் 0.375 மி.லி. அளக்க வேண்டும். அதற்கு 1 மி.லி. சிரிஞ்ச் வேண்டும். 5 மி.லி. சிரிஞ்சில் அந்தக் கோடே கிடையாது.

வைஃபை பெட்டி:
மேலே இருவரும் அட்டை, குறிப்பேடு என்றே பேசுகிறீர்கள். எல்லாம் போனில் வந்துவிட்டது. எம்.எஸ்.எஃப். (எல்லைகளற்ற மருத்துவர்கள்) வழிகாட்டிகள் இலவசம், ஒருமுறை இறக்கினால் இணையம் இல்லாமலே திறக்கும். கிவிக்ஸ் என்கிற ஆப் வழியாக விக்கிப்பீடியாவின் மருத்துவத் தொகுப்பான விக்கிமெட்டும் அப்படியே. ஏழை நாடுகளுக்கு மருத்துவ இதழ்களைத் திறந்துவிடும் ஹினாரி 2002லிருந்து இருக்கிறது, ஆனால் அதன் கடவுச்சொல் நிறுவனத்தின் பேரில் வரும். பல இடங்களில் அது ஒருவருடைய டிராயரில் தூங்குகிறது.

பார்த்த ஒன்று: ராஸ்பெரி பை என்கிற உள்ளங்கையளவு கணினி வைத்த சிறு பெட்டி, உள்ளே முழு மருத்துவ நூலகம், வார்டு முழுக்க வைஃபை. மூன்றாம் வாரம் போனபோது பெட்டிமேல் மருந்துச் சீட்டுக் கட்டு. விளக்கு எரிகிறது, ஒருவரும் திறக்கவில்லை. பெட்டியில் ஒரு பழுதும் இல்லை. போன் அந்த வைஃபையில் சேர்ந்ததும் "இணையம் இல்லை" என்று சொல்லித் தானாகவே மொபைல் டேட்டாவுக்குத் தாவிவிடுகிறது, அவ்வளவுதான்.

வைப்பவர்களுக்குச் சில விஷயம். டேட்டாவை அணைத்துவிட்டுச் சேரச் சொல்லுங்கள், அதையே பெட்டிமேல் ஒட்டுங்கள். முகவரியை முன்னால் உள்ள எச்.டி.டி.பி. எழுத்துகளோடு முழுசாக எழுதுங்கள், இல்லாவிட்டால் பிரவுசர் அதைத் தேடு சொல்லாக எடுத்துக்கொள்ளும். மெமரி கார்டு ஃபேட்32 முறையில் இருந்தால் 4 ஜி.பி.க்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்பு ஏறாது. நகலெடுப்பது பாதியில் நிற்கும், கார்டு கெட்டுவிட்டதென்று தூக்கிப் போடுவார்கள். எக்ஸ்ஃபேட்டுக்கு மாற்றினால் ஏறும், ஆனால் அந்த போன் எக்ஸ்ஃபேட்டைப் படிக்கிறதா என்று முதலில் பாருங்கள். கார்டில் எழுதும் நேரத்தில் மின்சாரம் போனால் ராஸ்பெரி பையின் கார்டு கெடலாம். இடையில் ஒரு பவர் பேங்க் வையுங்கள், சார்ஜ் ஏறிக்கொண்டே வெளியே கொடுக்கிற வகையாக இருக்க வேண்டும். தயாரான கார்டின் நகல் ஒன்றையும் உறையில் போட்டு அங்கேயே விடுங்கள்.

மலேரியா வார்டு:
பெட்டிக்காரரே, கேட்காத பாடம் நீளமாக இருக்கிறது. வலிப்பு வந்தவள் முன்னால் யார் கையுறையைக் கழற்றி போனைத் தடவுவது?

ஆனால் காகிதம்தான் கதி என்று மற்றவர்கள் சொல்வதையும் ஒப்ப முடியாது. கடும் மலேரியா, 10 கிலோ குழந்தை. சுவரில் "ஆர்ட்டிசுனேட் 2.4 மி.கி./கிலோ". அழகான, லேமினேட் செய்த அட்டை. 2015லேயே உலக சுகாதார நிறுவனம் 20 கிலோவுக்குக் குறைந்த குழந்தைகளுக்கு 3 மி.கி. என்று மாற்றிவிட்டது. சின்னக் குழந்தை உடம்பில் அதே அளவு போதவில்லை என்பதால்தான். 24 மி.கி. போன இடத்தில் 30 மி.கி. போயிருக்க வேண்டும். பயிற்சிக்குப் போய்வந்த இளம் நர்ஸ் "3" என்றார். மூத்தவர் சுவரைக் காட்டினார். சுவர் ஜெயித்தது. அட்டையின் எந்த மூலையிலும் தேதி இல்லை, எது பழசு என்று அந்தப் பெண்ணால் எதைக் காட்டிச் சொல்ல முடியும்?

இன்னொன்று. 60 மி.கி. குப்பியில் முதலில் பைகார்பனேட் 1 மி.லி., தெளியும்வரை குலுக்க வேண்டும். அப்புறம் ஐ.வி.க்கு என்றால் சலைன் 5 மி.லி., ஐ.எம்.முக்கு 2 மி.லி. முதலாவது 1 மி.லி.க்கு 10 மி.கி., இரண்டாவது 20 மி.கி. இரண்டு பட்டியலையும் ஒரே அட்டையில் பக்கம் பக்கமாக அச்சடிக்கிறார்கள். ஐ.எம்.முக்குக் கலக்கிவிட்டு ஐ.வி. வரிசையைப் படித்தால் 3 மி.லி. என்று இருக்கும். 30க்குப் பதில் 60 மி.கி. போகும். தனித்தனி அட்டையாக வையுங்கள்.

வீடு வீடாக:
எங்கள் வேலையில் ஆம்பூல் இல்லை, ஓ.ஆர்.எஸ். பொட்டலம்தான். துணியில் தைத்த படத்தில் பெரிய குடம், ஒரு லிட்டர். அம்மா ஒருவர் 1 லிட்டர் பொட்டலத்தை 200 மி.லி. டம்ளரில் கொட்டிக் கலக்கிக் கொண்டிருந்தார். போன தடவை கொடுத்த பொட்டலம் 200 மி.லி. அளவு, அதற்கு டம்ளர் என்று சொல்லிக் கொடுத்ததை அவர் சரியாகவே ஞாபகம் வைத்திருக்கிறார். லிட்டருக்கு 75 மில்லிமோல் இருக்க வேண்டிய சோடியம் அந்தக் கரைசலில் லிட்டருக்கு 375 கணக்கு, ஐந்து மடங்கு. குழந்தை முதல் மடக்கைத் துப்பியது, பிழைத்தது. இதற்கு ஆப் என்ன செய்யும்? பொட்டலம் மாறினால் எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லி அனுப்பலாமே, யாராவது.

நகல் மேசை:
துணியில் தைத்த படமாவது நிறம் மாறாது. நோயுற்ற குழந்தைகளைப் பார்ப்பதற்கான ஐ.எம்.சி.ஐ. அட்டைப் புத்தகம் தெரியுமே: இளஞ்சிவப்பு என்றால் உடனே பெரிய ஆஸ்பத்திரி, மஞ்சள் என்றால் இங்கேயே மருந்து, பச்சை என்றால் வீட்டுப் பராமரிப்பு. ஒரு நிலையத்தில் இருந்தது கறுப்பு வெள்ளை ஜெராக்ஸ், அதுவும் நகலின் நகல். மூன்று கட்டமும் ஒரே சாம்பல். பயிற்சி நாளில் "சிவப்பைப் பார்த்தால் அனுப்பு" என்று கற்றுக்கொண்டவர் அந்தச் சாம்பலில் விரலை மேலும் கீழும் ஓட்டிக் கொண்டிருந்தார்.

நகல் போகும் என்று தெரிந்தே எழுத வேண்டும். கட்டத்துக்குள்ளேயே "உடனே அனுப்பு" என்று எழுத்தில் இருக்கட்டும். அரை என்றால் 0.5, வெறும் .5 வேண்டாம், நாலாவது நகலில் புள்ளி மறைந்து 5 ஆகும். 5.0 என்றும் வேண்டாம், 50 ஆகும். மைக்ரோகிராமுக்குக் குறியீடு போடாமல் முழுசாக எழுதுங்கள், அது மி.கி. ஆகத் தெரிந்தால் ஆயிரம் மடங்கு. மருந்தறைக்காரர் சொன்ன குறிப்பேட்டுக்கும் இதுதான்: மி.லி. எழுதுகிற இடத்தில் எல்லாம் எந்த ஆம்பூல் என்று பக்கத்திலேயே எழுத வேண்டும். மலேரியா வார்டு சொன்ன தேதியை அடியில் போடாதீர்கள், நகலெடுக்கும்போது அடி ஓரம்தான் முதலில் வெட்டுப்படும். தலைப்போடு சேர்த்துப் போடுங்கள்.

வைஃபை பெட்டி:
கையுறை விஷயம் சரிதான். ஆனால் அளவு மாறிய செய்தி சுவருக்கு எப்படி வந்து சேரும்? யாராவது போனில் பார்த்தால்தான்.

பிரசவ அறை:
அதை ஒப்புக்கொள்கிறேன் சார். போனில் பாருங்கள், ஆனால் பார்த்ததைக் கொண்டுவந்து மருந்து டப்பாவுக்குள் வையுங்கள்.

அந்த அறையில் இப்போது ஒரு டப்பா இருக்கிறது. 1 கிராம் ஆம்பூல் 14, ஊசி நீர், லிக்னோகெயின், 20 மி.லி. சிரிஞ்ச் ஒன்று, 10 மி.லி. கொள்ளளவுக்கு மேல் லிக்னோகெயினும் சேர்வதால் ஐ.எம்.முக்கும் 20 மி.லி. இரண்டு, கால்சியம் குளுக்கோனேட் 10% 10 மி.லி. மூடியின் உட்புறம் "8 + 12". அதன் கீழே, 4 மணிக்கொருமுறை அடுத்த 5 கிராம் போடுமுன் பார்க்க வேண்டியவை: மூச்சு நிமிடத்துக்கு 16க்குக் குறையக்கூடாது, முழங்கால் தட்டினால் கால் உதற வேண்டும், சிறுநீர் மணிக்கு 30 மி.லி.யாவது இருக்க வேண்டும். மெக்னீசியம் மிஞ்சி மூச்சு நின்றால் கையால் மூச்சு கொடுத்துக்கொண்டே அந்தக் கால்சியம் 1 கிராம், மெதுவாக.

நடுக்கம் இன்னும் போகவில்லை, ஏனென்றால் 10 மி.லி.யில் 5 கிராம் ஆம்பூலும் சந்தையில் இருக்கிறது. அது வந்த அன்று யாராவது பழைய பழக்கத்தில் "நாலு ஆம்பூல்" என்று எடுத்தால் 20 கிராம். அதனால் மூடியில் ஆம்பூல் எண்ணிக்கையை அழித்துவிட்டு மி.லி. மட்டும் விட்டிருக்கிறோம், பக்கத்தில் "லேபிளில் 50% என்று இருந்தால் மட்டும்". மருந்தறைக்காரரே, சப்ளை மாறும் நாளில் உங்களிடமிருந்து யார் பிரசவ அறைக்கு வந்து சொல்கிறார்கள்?