ஆஸ்ட்ரோசைட் கீறல் சோதனை: கால்சியம் அலை வருகிறது, ஜிஎஃப்ஏபி ஏறவில்லை. ஏன்?

நுண்நோக்கி:
பிறந்து 2 நாளான சுண்டெலிக் குட்டிகளின் பெருமூளைப் புறணியிலிருந்து எடுத்த ஆஸ்ட்ரோசைட் (நரம்புச் செல்லைத் தாங்கும் துணைச் செல்) வளர்ப்பு, மீடியத்தில் 10% சீரம். 35 மி.மீ. தட்டில் செல்கள் நெருக்கமாக நிரம்பியபின் 200 மைக்ரோலிட்டர் பிப்பெட் முனையால் நடுவில் ஒரு கீறல். ஃப்ளூவோ-4 சாயத்தில் கீறிய கையோடு கால்சியம் அலை பரவுவது தெளிவாகத் தெரிகிறது. 10 நிமிடத்தில் ஓரச் செல்களில் பாஸ்போ-இஆர்கே (தூண்டப்பட்ட சமிக்ஞைப் புரதம்) பளிச்சென்று இருக்கிறது. ஆனால் 24 மணி நேரம் கழித்து வெஸ்டர்ன் பிளாட் (புரதத்தைப் பட்டையாகப் பிரித்து அளக்கும் சோதனை) போட்டால் ஆஸ்ட்ரோசைட்டின் அடையாளப் புரதமான ஜிஎஃப்ஏபியின் பட்டை கீறாத தட்டில் உள்ளது போலவேதான். செல்லை உடைக்கும் ரிப்பா பஃபரில் கரைத்து, 14,000 ஜி-யில் 15 நிமிடம் சுழற்றி, மேல்திரவத்தை எடுக்கிறோம். மூளைக் காயம் என்றாலே ஜிஎஃப்ஏபி ஏற வேண்டுமே, எங்கே இடிக்கிறது?

புரதப்பட்டை:
முதலில் கணக்கைப் பாருங்கள். அந்தத் தட்டின் பரப்பு சுமார் 900 சதுர மி.மீ. கீறல் 30 மி.மீ. நீளம். காயத்தை உணர்வது இரு ஓரத்திலும் ஏறக்குறைய 0.3 மி.மீ. வரை உள்ள செல்கள் என்று வைத்தால் 18 சதுர மி.மீ., அதாவது 2%. அந்தச் செல்களில் ஜிஎஃப்ஏபி இரட்டிப்பானாலும் மொத்தத்தில் 2% தான் கூடும். வெஸ்டர்னில் அது தெரியவே தெரியாது. படத்தில் தெரிந்தது பட்டையில் காணாமல் போக இதுவே போதும்.

பிளாட் வேண்டுமென்றால் 2 மி.மீ. இடைவெளியில் குறுக்கும் நெடுக்குமாகக் கீறுங்கள். கீறல் அகலம் அரை மி.மீ. என்றால், மிஞ்சும் செல்களில் 60 சதவீதத்துக்கு மேல் ஓரச் செல்களாகிவிடும். செல்லை ஒட்டவைக்கும் பாலி-டி-லைசின் பூச்சு அவசியம், இல்லாவிட்டால் ஓரங்கள் தகடு தகடாக உரியும். கீறியதும் பிபிஎஸ் உப்புக் கரைசலில் மெதுவாக இருமுறை அலசுங்கள். கீறாத தட்டுக்கும் அதே அலசல், அதே மீடியம் மாற்றம் நடக்க வேண்டும். மீடியத்தைச் சற்று வேகமாக ஊற்றினாலே ஆஸ்ட்ரோசைட், காயச் சமிக்ஞையாகச் செயல்படும் ஏடிபியை வெளியே விடும்.

இதைவிடப் பெரிய சந்தேகம் ரிப்பா மீதுதான். ஜிஎஃப்ஏபி ஓர் இடைநிலை இழை, அதாவது செல்லின் சட்டகப் புரதம். அதன் பெரும்பகுதி ரிப்பாவில் கரையாமல் அடிப்படிவில் போய்விடும். நீங்கள் அளப்பது மிச்சத்தை. 2% எஸ்டிஎஸ் (வலுவான சோப்பு) பஃபரை நேராகத் தட்டில் ஊற்றிச் சுரண்டி, 95 டிகிரியில் 5 நிமிடம் வையுங்கள். டிஎன்ஏ கொழகொழவென்று வரும், சோனிகேட் செய்தால் (ஒலியலையால் உடைத்தால்) சரியாகும். புரத அளவுக்கு பிசிஏ முறை. எஸ்டிஎஸ் இருக்கும்போது பிராட்ஃபோர்டு முறை பொய் சொல்லும்.

கிளியா வாசகர்:
மேலே சொன்னது சரி. ஆனால் அதைத் திருத்தினாலும் ஏற்றம் சிறிதாகவே இருக்கலாம். உயிருள்ள சுண்டெலியின் புறணியில் பல ஆஸ்ட்ரோசைட்களில் காயத்துக்கு முன் ஜிஎஃப்ஏபி மிகக் குறைவு. அதனால்தான் காயத்துக்குப் பின் அவ்வளவு ஏறுவதாகத் தெரிகிறது. 10% சீரத்தில் வளர்ந்த செல்லோ தொடக்கத்திலிருந்தே பாதி எதிர்வினை நிலையில் இருக்கிறது. ஆரோக்கியமான மூளையில் ரத்தச் சீரம் ஆஸ்ட்ரோசைட்டைத் தொடுவதே இல்லை. ரத்த-மூளைத் தடை உடைந்தால்தான் தொடும். கீறுவதற்கு 48 மணி நேரம் முன்பே சீரத்தை நிறுத்துங்கள். முடிந்தால் ஆரம்பத்திலிருந்தே சீரமில்லாத மீடியம், மில்லிலிட்டருக்கு 5 நானோகிராம் எச்பி-ஈஜிஎஃப் என்ற வளர்ச்சிக் காரணி சேர்த்து.

ஐபா-1 என்ற அடையாளப் புரதத்துக்குச் சாயமிட்டு மைக்ரோகிளியா (மூளையின் நோயெதிர்ப்புச் செல்) எவ்வளவு கலந்திருக்கிறது என்றும் பாருங்கள். நிமிடத்துக்கு 200 சுற்று வேகத்தில் இரவு முழுக்கக் குலுக்கினாலும் கொஞ்சம் ஒட்டியிருக்கும். ஆஸ்ட்ரோசைட்டை எதிர்வினை நிலைக்குத் தள்ளும் ஐஎல்-1 ஆல்ஃபா, டிஎன்எஃப், சி1கியூ மூன்றையும் மைக்ரோகிளியாவே தருவதால் அந்தக் கொஞ்சமே முடிவைப் புரட்டிவிடும்.

காலமும் முக்கியம். மூளைத் திசுவில் மைக்ரோகிளியா பி2ஒய்12 ஏற்பி வழியாக ஏடிபியை உணர்ந்து சில நிமிடங்களில் கிளைகளை நீட்டிக் காயத்தை மூடுகிறது. ஆஸ்ட்ரோசைட் அப்படியல்ல, பருப்பது, சில பிரிவது, எல்லைச் சுவராக அடுக்குவது எல்லாம் நாட்கணக்கில். உயிருள்ள சுண்டெலி மூளையைத் தொடர்ந்து படமெடுத்து 2013-ல் வெளியான ஆய்வில் அவை காயத்தை நோக்கி நகரவே இல்லை. ஆகவே தட்டில் கீறல் மூடும் வேகத்தை வைத்து ‘தழும்பு உருவாகிறது’ என்று எழுதிவிட வேண்டாம்.

நுண்நோக்கி:
மிக்க நன்றி. அப்படியென்றால் 24 மணி நேரத்தில் எதை அளப்பது? கீறலுக்குப் பதில், செல்களை இழுத்துக் காயப்படுத்தும் இழுவிசைக் கருவிக்கே போய்விடலாமா?

புரதப்பட்டை:
எதிர்வினை நிலையைக் காட்டும் எல்சிஎன்2, செர்ப்பினா3என் மரபணுக்களின் ஆர்என்ஏ அளவை 6, 24 மணி நேரத்தில் க்யூபிசிஆரில் பாருங்கள். ஜிஎஃப்ஏபியைவிட ஏற்ற இறக்க வீச்சு அதிகம். ஜிஎஃப்ஏபி புரதத்தை 72 மணி நேரத்திலும் எடுங்கள். ஜெல் கிணற்றுக்கு 20 மைக்ரோகிராம் புரதம் ஏற்றினால் பட்டை தெவிட்டிவிடும், 3 முதல் 5 போதும். 50 கிலோடால்டனுக்குக் கீழே, 38 முதல் 44 வரை பட்டைகள் தெரிந்தால் வெட்டிவிடாதீர்கள். அவை கால்பெயின் என்ற நொதி நறுக்கிய துண்டுகள், செல் உண்மையிலேயே அடிபட்டதன் அடையாளம். ஆக்டினை ஒப்பீட்டுக்கு வைக்காதீர்கள். ஓரச் செல்கள் நீளும்போது அதுவே மாறும். மொத்தப் புரதச் சாயம் நல்லது.

கிளியா வாசகர்:
இழுவிசைக் கருவிக்குப் போவதையே நான் ஆதரிப்பேன். சிலிக்கான் சவ்வில் செல்லை வளர்த்து 50 மில்லிநொடி வாயு அழுத்தம் கொடுத்தால் தட்டின் எல்லாச் செல்லும் இழுபடும், 2% சிக்கலே எழாது. தலையில் அடிபடும்போது நிகழ்வதற்கும் அது நெருக்கம். வந்த வேகத்தில் சில உரிந்துபோகும், மையத்திலும் விளிம்பிலும் இழுவை ஒரே அளவாக இராது. அதனால் அழுத்தம் கொடுத்ததும் புரொப்பிடியம் அயோடைடு சாயம் போட்டு எங்கே செல் சவ்வு கிழிந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஒப்பீட்டுத் தட்டையும் கருவியில் பொருத்தி, அழுத்தம் மட்டும் கொடுக்காமல் இறக்குங்கள்.

ஏடிபிதான் காரணம் என்று காட்ட விரும்பினால் கீறுவதற்கு 10 நிமிடம் முன் ஏடிபியைச் சிதைக்கும் அப்பிரேஸ் நொதி, மில்லிலிட்டருக்கு 20 யூனிட். இன்னொரு தட்டில் கொதிக்கவைத்துச் செயலிழந்த அப்பிரேஸ். செல்களுக்கிடையிலான இணைப்பை அடைக்கும் கார்பெனாக்ஸலோனை மட்டும் நம்பாதீர்கள், அது கனெக்சின்-43 இணைப்பைத் தவிர, ஏடிபி வெளியேறும் பானெக்சின் வழியையும் அடைக்கும்.